இது சாமிப் பாட்டா, காதல் பாட்டா? ஆசையைப் பாடும் வரிகளைப் படிக்க ஓர் எளிய வழி

என் தங்கை வீடு மந்தைவெளியில் இருக்கிறது. போன மார்கழியில் ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். அவளுடைய பதினான்கு வயது மகள் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு பதத்துக்கு அபிநயம் பழகிக்கொண்டிருந்தாள். காதலின் ஒரு நிலையை எடுத்துக்கொண்டு நிதானமான நடையில் விரித்துப் பாடுவதைத்தான் பதம் என்பார்கள். அன்று அவள் பழகியது சீர்காழி முத்துத் தாண்டவர் பாடியது: 'தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ.' கமாஸ் ராகம். கைப்பேசியில் பாட்டு ஓட, அவள் கண்ணை மேலே உயர்த்திக் கைகூப்பி நின்றாள்.

என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். "ஏன்டா, இந்த வயசுல இவளுக்கு இந்தப் பாட்டு எதுக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பேத்தியின் காதில் விழுந்துவிட்டது. "பாட்டி, இது காதல் பாட்டு இல்ல. ஜீவாத்மா பரமாத்மாவுக்கு ஏங்குது, அவ்வளவுதான்" என்றாள். அம்மா "அப்படின்னா சரி" என்று கீரைக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. 'ஆபாசம்' என்று ஒதுக்கினாலும் 'எல்லாம் பக்தி' என்று மூடினாலும், இரண்டு பக்கமும் பாட்டைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. சபா கேன்டீனில், கல்யாண வீட்டில், சினிமாப் பாட்டைப் பற்றிய சண்டையில் எல்லாம் இதே கதைதான். ஆசையைப் பாடும் பாட்டுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அதைப் படிக்கும் முறையையும் நம் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படிப்பவருக்கு அதன் அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

## பேருந்தில் கேட்கும் பாதிப் பேச்சு

29சி பேருந்தில் பெசன்ட் நகர் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் பேசுகிறார். "சரி, நீ வர வேண்டாம். நானே பாத்துக்கறேன்." இதற்கு என்ன பொருள்?

மறுமுனையில் இருப்பது முட்டிவலிக்கார அம்மா என்றால் அது கரிசனம். மூன்றாவது முறையாக வராமல் ஏமாற்றும் கணவன் என்றால் அது கோபம். அந்தக் கோபத்துக்குள் 'இப்போதாவது வந்து தொலையேன்' என்ற ஆசையும் இருக்கலாம். வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்புகிற ஒருவன் என்றால் அது விடைகொடுத்தல். சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பது மட்டும் மாறியது, பொருள் தலைகீழாகிவிட்டது.

பாட்டும் இப்படி நம் காதில் விழும் பாதிப் பேச்சுதான். மீதிப் பாதியை நாம் கட்டிக்கொள்ள வேண்டும். யார் யாரிடம் சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது என்பதைத் தமிழ் இலக்கணம் 'கூற்று' என்கிறது. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அதே சொல்தான்.

இதில் பலரும் தவறும் ஓர் இடம் உண்டு. பாட்டில் பேசுபவர் வேறு, பாட்டை எழுதியவர் வேறு. காதலைப் பாடும் அகப் பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்றே தொல்காப்பியம் விதி வைத்தது: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.' பெயர் இல்லாததால் அந்த ஆசை ஒரு தனி ஆளின் அந்தரங்கமாக நின்றுவிடுவதில்லை. கேட்பவர் எவரும் அதற்குள் போய் நிற்கலாம். 'கவிஞருக்கு அப்போது என்ன நடந்ததோ' என்று துருவும் நம் பழக்கம் இந்தப் பாட்டுகளிடம் செல்லாது.

## குருகு பார்த்தது மீனை

இதை ஒரு பாட்டில் வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகை 25, கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அங்கே வேறு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், கள்வன். அவன் இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல்மீனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் இருந்தது, அவன் என்னோடு கூடிய அன்று.

முதல் வாசிப்பில் இது இனிமையான இயற்கைக் காட்சியாகத் தெரியும். 'மணந்த ஞான்று' என்பதைக் கல்யாண நாள் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இங்கே மணத்தல் என்றால் கூடுதல். கல்யாணம் நடக்கவில்லை, அதுதான் அவளுடைய பிரச்சினையே. பாட்டின் அடியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: 'வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது.' வரைவு என்றால் திருமணம். அவன் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறான், அவள் தோழியிடம் சொல்கிறாள். பேச்சு எந்த நிலையில் நடக்கிறது என்று காட்டும் இந்தக் குறிப்பைத் துறைக் குறிப்பு என்பார்கள். நாடகத்தில் திரை விலகும் முன் 'இடம், நேரம்' என்று அறிவிப்பார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறை தெரிந்த பிறகு ஐந்து அடியும் வேறாக ஒலிக்கின்றன. 'கள்வன்' என்ற சொல்லில் கொஞ்சலும் இருக்கிறது, குற்றச்சாட்டும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு போய்விடும். சாட்சி என்று அவளிடம் இருப்பது ஒரு குருகு. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் காலின் பருமனையும் நிறத்தையும் அவள் அத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறாள். அந்த நாளை எத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு பறவையின் கால் இப்படிப் பதியும்! 'எனக்கு அவன் வேண்டும்' என்று ஒரு சொல்கூட இல்லை. ஆசை முழுவதும் அந்தக் காலில் நிற்கிறது.

துறையைத் தள்ளிவிட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு குறுந்தொகைப் பாட்டு சாட்சி. சென்னையில் கல்யாணப் பத்திரிகைகளில் அடிக்கடி அச்சாகும் 40ஆம் பாட்டு, 'யாயும் ஞாயும் யாரா கியரோ.' செம்மண்ணில் விழுந்த மழைபோல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடியும். பத்திரிகையில் அது முழு மகிழ்ச்சியின் பாட்டு. துறைக் குறிப்பைப் பார்த்தால், கூடிய பிறகு 'இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ' என்று அவள் அஞ்சுகிறாள், அவள் முகம் மாறியதைக் கண்டு அவன் சொல்கிறான். பயத்துக்குச் சொன்ன பதில் அது. பத்திரிகையில் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பயம் தெரிந்த பிறகு அந்த வரிக்கு இன்னும் கனம் கூடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறுந்தொகையை 1937இல் உரையோடு பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். நாம் ஏறிய பேருந்து போய்ச் சேரும் பெசன்ட் நகரில்தான் அவர் பெயரிலான நூலகம் இருக்கிறது. துறைக் குறிப்பு இல்லாமல் இந்தப் பாட்டுகளைப் பரப்பும் பழக்கத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பாதிப் பேச்சின் மறுபாதியை யாரோ பாடுபட்டுக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள், நாம் அதை வெட்டிவிட்டு அனுப்புகிறோம்.

இதுவரை பார்த்தது இரண்டு சொல்: பேசுபவரையும் கேட்பவரையும் காட்டுவது கூற்று, அந்தப் பேச்சின் நிலையைக் காட்டுவது துறை.

## சாடைப் பேச்சு

நம் வீடுகளில் சாடையாகப் பேசுவது தெரியாதவர் இல்லை. மருமகள் காதில் விழட்டும் என்று மாமியார் பூனையைத் திட்டுவார். மருமகளும் பதிலைப் பாத்திரத்திடம் சொல்லுவாள். சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறு.

பழைய பாட்டில் இது ஒரு தேர்ந்த உத்தி. குறுந்தொகை 8இல் ஒரு பெண் பேசுகிறாள். அவள் தலைவனுடைய காதற்பரத்தை, அதாவது அவன் விரும்பிப் போகும் இன்னொருத்தி. மனைவி தன்னை இகழ்ந்தாள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள்: வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் அவனுடையது. நம் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான், தன் வீட்டில் கண்ணாடிப் பாவைபோல மகனின் தாய் காட்டுவதற்கெல்லாம் ஆடுவான்.

மேலோட்டமாக அது ஊர் வர்ணனை. ஆனால் மீன் மரமேறிப் பழம் பறிக்கவில்லை, பழம்தான் தானாக வந்து விழுந்தது. 'நான் அவனை இழுக்கவில்லை, அவனாக வந்தான்' என்பது உள்ளே இருக்கும் பேச்சு. நிலம், மரம், விலங்கு, பறவை இவற்றைச் சொல்வதன் வழியாக மனிதர் பேச்சை உள்ளே வைப்பதற்கு 'உள்ளுறை' என்று பெயர். இதற்குள் நுட்பமான பிரிவுகள் பல உண்டு. தொடங்கும்போது அவை வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆசையைச் சொல்லும் பாட்டு பெரும்பாலும் ஆசைப்பட்டவரிடம் நேரே பேசுவதில்லை. தோழி கேட்கிறாள், அயலார் கேட்கிறார்கள், ஒரு பறவை கேட்கிறது. 40ஆம் பாட்டுபோல நேரே பேசுபவையும் உண்டுதான். ஆனால் ஏக்கம் மிகும்போது அங்கே மூன்றாவது ஒருவர் தேவைப்படுகிறார், ஏனென்றால் வேண்டியவர் எதிரில் இல்லை. இருந்தால் பாட்டே பிறந்திருக்காது.

## 'வாரானோ': ஓர் ஓகாரம் செய்யும் வேலை

இப்போது மந்தைவெளிக் கூடத்துக்குத் திரும்பலாம். 'வாரான்' என்றால் வரமாட்டான். மறுப்புச் சொல். அதோடு ஓ சேர்கிறது. ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் உண்டு என்கிறது நன்னூல், வினாவும் எதிர்மறையும் அவற்றில் அடக்கம். இங்கே அந்த ஒற்றை எழுத்து 'வரமாட்டான்' என்ற முடிவைக் கேள்வியாக்கி, கேள்வியை வேண்டுதலாக்கிவிடுகிறது. அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தபின்னும் விட முடியவில்லை. 'வருவானா' என்று எழுதியிருந்தால் இந்த இழுபறி வராது.

அப்புறம் அவள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை, கைபிடி என்று கேட்கவில்லை. தெருவில் போனால் போதும், சற்றே திரும்பினால் போதும். கேட்பது எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு பெரிதாக ஆசை தெரிகிறது. மாதக்கணக்கில் வேலை தேடியவன் 'நேர்காணலுக்குக் கூப்பிட்டாலே போதும்' என்று சொல்லும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறதே, அதே கணக்கு.

அனுபல்லவியில், அதாவது பல்லவியை அடுத்து வரும் இரண்டாம் பகுதியில், அவன் யார் என்று தெரிகிறது: உருவிலியையும் திரிபுரத்தையும் எரித்த நடராஜன். உருவிலி என்றால் உடல் இல்லாதவன், மன்மதன். ஆசையின் தெய்வத்தையே சாம்பலாக்கியவன்மேல் அவளுக்கு ஆசை! நான் இந்தப் பாட்டைப் பல ஆண்டு கேட்டும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். ஒருநாள் 'உருவிலி' யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் பல்லவியின் 'வாரானோ' என் காதில் முதன்முறையாகச் சரியாக விழுந்தது. ஏன் வரமாட்டான் என்பதற்கான காரணமே அவன் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

அப்படியானால் இது பக்தியா? ஆம். நடராஜர்மேல் பாடிய பாட்டுதானே. தன்னைப் பெண்ணாகவும் கடவுளைத் தலைவனாகவும் வைத்துப் பாடுவதற்கு 'நாயகன் நாயகி பாவம்' என்று பெயர். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியது இந்த முறையில்தான். ஆனால் 'ஜீவாத்மா பரமாத்மா' என்பது பாட்டின் முடிவில் போய்ச் சேரும் இடம். தெருவும் திரும்பாத முகமும் அதற்குப் போகும் பாதை. பாதையை அழித்துவிட்டால் சேருமிடமும் வெறும் சொல்லாகிவிடும்.

ஆண்டாளிடம் இது இன்னும் தெளிவு. அவள் பெண் வேடம் எடுக்க வேண்டிய தேவையே இல்லை, தன் குரலிலேயே பாடினாள். மார்கழி முழுக்கத் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் திருப்பாவையின் முப்பது பாட்டும் ஒலிக்கின்றன. அவளுடைய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில், கல்யாணத்தில் ஓதும் 'வாரணமாயிரம்' தவிர மற்றவை அவ்வளவு பேருக்குத் தெரிவதில்லை. அதில் அவள் கண்ணனின் சங்கிடம் கேட்கிறாள்: 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ.' அந்தக் காலத்தில் நாறுதல் என்றால் மணம் வீசுதல். அவன் வாயின் சுவையும் மணமும் எப்படி இருக்கும் என்று 'விருப்புற்றுக் கேட்கின்றேன், சொல்' என்கிறாள். ஏன் சங்கிடம் கேட்க வேண்டும்? அவன் உதட்டில் இருப்பது அதுதான். மறுபடியும் ஒரு மூன்றாவது சாட்சி. குருகு மீனைப் பார்த்தது, சங்கோ எல்லாம் அறிந்தும் வாய் திறக்கவில்லை. இந்தப் பாசுரத்தில் உடலை ஒதுக்கினால் பக்தி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்தப் பகுதியில் சொன்னதைச் சுருக்கினால்: உடல் சார்ந்த ஆசையும் இறைவன்மேல் ஆசையும் ஒன்றை ஒன்று துரத்தும் இரண்டு விடைகள் ஆக வேண்டியதில்லை. ஒரே வரியில் இரண்டும் சேர்ந்து நிற்கலாம். எது எவ்வளவு என்பதை வரிதான் சொல்லும்.

## இந்தச் சங்கடம் சென்னைக்கு எப்படி வந்தது

என் அம்மாவின் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேவதாசி மரபில் வந்த பெண்கள்தான் தலைமுறைகளாகப் பதங்களைக் காத்தவர்கள். 1930களில், சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சென்னைச் சபா மேடைகளுக்கு வந்தது. 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் பக்தியை முன்னே வைத்தார், தகாதவை என்று அவர் கருதிய சில பதங்களை ஒதுக்கினார். மறுபக்கம், வீணை தனம்மாளின் பேத்தி டி.பாலசரஸ்வதி, சிருங்காரத்தை, அதாவது காதலும் ஆசையும் சார்ந்த சுவையை, யாரும் தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1975இல் தமிழிசைச் சங்க விழாவின் தலைமையுரையிலும் சிருங்காரத்தின் உயர்வை எடுத்துச் சொன்னார். நான் இதில் பாலசரஸ்வதியின் பக்கம். ஆனால் ருக்மிணி தேவியின் காலத்தில் குடும்பப் பெண்கள் மேடையேறுவதே எவ்வளவு பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது என்பதையும் மறக்க முடியாது. 'ஆபாசம்', 'எல்லாம் பக்தி' என்று இன்று நாம் எறியும் சொற்கள் அந்த விவாதத்தின் எச்சங்கள்.

## சினிமாப் பாட்டுக்கும் இதே கேள்வி

சினிமா டூயட்டில் காதலித்தவர் எதிரிலேயே நிற்கிறார். நேரே பேச்சு. அந்தப் பழக்கத்தோடு பதத்தையோ பாசுரத்தையோ கேட்டால், யாரோ யாரையோ நேரே அழைப்பதாகத் தோன்றி, 'சே, இதென்ன இப்படி' என்று ஆகிவிடுகிறது. சினிமாவிலும் தனியாக ஏங்கும் பாட்டுகள் நிறைய உண்டு. ஷேர் ஆட்டோவில் அப்படி ஒன்று ஓடினால் இதே மூன்றையும் கேட்டுப் பாருங்கள்: யார் பாடுகிறார்? யார் கேட்கிறார்? அந்த நேரத்தில் அவர்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம்? வரியில் உடல் வந்தால் அது பாடுபவரின் நினைவா, விருப்பமா, அல்லது எதிரில் இருப்பவரின் சம்மதத்தைப் பொருட்படுத்தாத மிரட்டலா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வரும் பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றை மரபு என்ற பெயரில் காப்பாற்ற வேண்டியதில்லை.

பாரதியின் 'ஆசை முகம் மறந்து போச்சே' பலருக்கு மேடைக் கச்சேரி வழியாகத் தெரியும். 1917இல் சென்னையில் பரலி சு.நெல்லையப்பர் வெளியிட்ட கண்ணன் பாட்டில், 'கண்ணன் என் காதலன்' என்ற பகுதியில் வருவது. கூற்று: ஒரு பெண் தோழியிடம். நிலை: பிரிந்து நெடுநாளாகி, நேசம் அப்படியே இருக்க, முகம் மட்டும் நினைவிலிருந்து நழுவுகிறது. இந்த நிலை நம் எல்லோருக்கும் தெரியும், செத்துப்போன தாத்தாவின் முகத்தை நினைத்துப் பார்க்கும்போது மூக்கு வரும், கண் வராது. 'வண்ணப் படமுமில்லை கண்டாய்' என்கிறாள் அவள். கடவுளின் படமா இல்லை? தெருவுக்குத் தெரு இருக்குமே. அவள் பார்த்த அந்த முகத்துக்குத்தான் படம் இல்லை.

இதையெல்லாம் அன்று மந்தைவெளியில் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. உருவிலி யார் என்பதையும், 'வாரான்' என்றால் வரமாட்டான் என்பதையும் மட்டும் என் மருமகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பாட்டை மறுபடி ஓடவிட்டாள். கைகூப்பவில்லை. கண்ணை மேலிருந்து இறக்கித் தெரு மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். யாரோ இடமிருந்து வலமாக நடந்து போவதுபோல அது மெதுவாக நகர்ந்தது. 'சற்றே' என்ற இடத்தில் நின்றது.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பினானாடி?" என்றார்.

"தெரியல பாட்டி. பாட்டுல அது இல்ல."